மூன்றாம் கிரேன்

மூன்றாம் கிரேன் கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னர் பெட்டியைப் பிடித்துத் தூக்கியது, பாதி வழியில் நிறுத்தியது, பிறகு பிள்ளை பெற்றவளைப் படியிறக்குவது போல அவ்வளவு பதமாகக் கரையில் இறக்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். பக்கத்தில் இரண்டாம் கிரேன் அதற்குள் இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டு மூன்றாவதற்கு வந்துகொண்டிருந்தது. மூன்றாம் கிரேனை ஓட்டும் என் மச்சான் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குப் பிரச்சினையாகிவிட்டது.

அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் கேட்டதைத்தான் செய்துகொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம், கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், நானே ஃபோன் போட்டுக் கேட்டது.

"மச்சான், நாளைக்கு எங்க கப்பல்ல உனக்கு எத்தனாவது கிரேன்?"

"மூணாவது. ஏன், உனக்கு ஏதாவது மாலை கீலை தொங்க விடணுமா?"

"கொஞ்சம் மெதுவா எடு."

சிரித்தான். "இருபது வருஷ சர்வீஸ்ல எல்லாரும் சீக்கிரம் எடு, சீக்கிரம் எடுன்னுதான் உசிர வாங்கியிருக்காங்க. மெதுவா எடுன்னு சொன்ன ஒரே ஆள் நீதான் மாப்ள."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். என் மனைவி அவனுடைய தங்கை.

விஷயம் இதுதான். வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அக்கா, அங்கே ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். என் மனைவி கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள், கைத்தொழில் சுத்தம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். மகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் சொல்லி வைத்தாகிவிட்டது. போன மாதம் ஃபோனில், சண்டை எதுவும் போடாமல், பால் காய்ச்சிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வருஷத்துல ஒரு மாசம் வீட்ல இருக்கீங்க. மிச்ச பதினோரு மாசம் நான் இந்த வீட்டக் காவல் காக்கறேன். எனக்கு முடியல. உங்க கப்பல் இங்க வருதாமே. வாங்க. ஒரு மணி நேரம் என் முன்னாடி உட்காருங்க. போகாதேன்னு சொல்றதுன்னாலும் சரி, போன்னு சொல்றதுன்னாலும் சரி, மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. ஃபோன்ல சொன்னா நான் போயிடுவேன்."

போகாதே என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனால் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

எங்கள் கப்பலில் பெட்டிகள் நாலாயிரம், ஆட்கள் இருபத்தொரு பேர். அதில் நான் எலக்ட்ரீஷியன், கூப்பிடுவது 'கரண்ட்'. நாலாயிரத்தில் முந்நூறு நானூறு குளிர்பெட்டிகள், ஒவ்வொன்றும் லாரி அளவு ஃப்ரிட்ஜ். திராட்சைக்கு ஒரு குளிர், மீனுக்கு ஒரு குளிர், மருந்துக்கு ஒரு குளிர். ஏற்றும்போது பிளக் சொருகுவதும், இறக்கும்போது பிடுங்குவதும், நடுக்கடலில் தினம் இரண்டு வேளை எல்லாவற்றுக்கும் காய்ச்சல் பார்ப்பதும் என் பாடு. ஒரு கடலில் பிடித்த மீனை உலகத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அங்கே முள் எடுத்து, திரும்ப அதே கடற்கரைக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். அப்படியும் கட்டுப்படியாகிறதாம். இந்த இரும்புப் பெட்டி வந்த பிறகு கடல் கடப்பதற்கு ஆகும் செலவு அவ்வளவு அற்பமாகிவிட்டது. ஒரு பெட்டி திராட்சை கெட்டால் மூன்று நாட்டிலிருந்து விசாரணைக் கடிதம் வரும். எலக்ட்ரீஷியன் வீடு கெட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் சமையல்காரர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தால் பத்து நாள் அசையாதாம். சாக்குச் சாக்காக, பீப்பாய் பீப்பாயாக இறக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு மாலுமி பெண் பார்த்து, பேசி முடித்து, பந்தி சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு கப்பல் ஏறினானாம். "இப்ப ஒரு பல்லப் புடுங்கிட்டு வரக்கூட நேரம் பத்தாது" என்பார். இந்த முறை எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒன்பது மணி நேரம். காலை ஆறரைக்குக் கட்டி, மாலை மூன்றரைக்கு அவிழ்க்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எல்லாரும் கப்பலில் இருந்தாக வேண்டும். எனக்கோ, கடைசிக் குளிர்பெட்டிக்குப் பிளக் சொருகி, வெப்பநிலை எழுதிக் கொடுத்த பிறகுதான் கரையிறங்க அனுமதிக்கும் கரைச்சீட்டு.

என் கணக்கு இப்படி இருந்தது. குளிர்பெட்டிகள் எப்போதும் இரண்டாம் கிரேனின் பங்கு, பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். மச்சானின் மூன்றாம் கிரேனில் சாதாரணப் பெட்டிகள். அவன் இழுத்தடித்தால் கப்பல் கிளம்புவது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், ஏனென்றால் கப்பல் கடைசிக் கிரேனுக்காகத்தான் காத்திருக்கும். எனக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை கரை. வீடு போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நடுவில் ஒரு மணி நேரம் தாராளமாக உட்காரலாம், ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்கலாம்.

காலை ஏழு மணிக்கு, எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்ற வரைபடம் வந்தது. அதை யாரோ எந்த நாட்டிலோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். சீஃப் ஆபீசர் அதை மேசையில் விரித்தார். குளிர்பெட்டிகள் தொண்ணூறும் இந்தத் தடவை மூன்றாம் கிரேனுக்குக் கீழே இருந்தன. முதலில் அறுபது பெட்டி இறக்க வேண்டும், அடுத்து இந்தத் தொண்ணூறையும் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சாதாரணப் பெட்டிகள். மச்சான் எவ்வளவு மெதுவாக எடுக்கிறானோ அவ்வளவு நேரம் நான் கப்பலில் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

"இதை மாத்த முடியாதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"எடை கணக்கு போட்டு அனுப்பியிருக்கான். மாத்தினா நீ வந்து கப்பல நிமித்திப் பிடிப்பியா?" என்றார்.

ஓடிப்போய் மச்சானுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன வருடம் வரை அவன் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வேலை செய்தான். அப்போது கீழே நின்று கத்தினால் எட்டிப் பார்ப்பான். இப்போது கூண்டு காலி. ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஏசி போட்ட ஓர் அறையில், ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு குச்சிகளை ஆட்டுகிறான், இங்கே கிரேன் ஆடுகிறது. கவனம் சிதறக் கூடாதென்று வாசலிலேயே ஃபோனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். திரையின் மூலையில் மணிக்கு எத்தனை பெட்டி என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இருபத்தைந்துக்குக் கீழே ஒரு ஷிஃப்ட் போனால் பெயருக்கு நேரே சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் ஒரு மாதம் நாற்காலி கிடையாது. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தது. அதை நினைத்துப் பார்க்காமலா நான் கேட்டேன்? நினைத்துத்தான் கேட்டேன். அவனும் நினைத்துத்தான் சரியென்றான்.

ஆறு குறுஞ்செய்தி அனுப்பினேன். 'வேகமா எடு', 'பிளான் மாறிடுச்சு', 'தயவுசெஞ்சு வேகமா எடு'. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஃபோனை எடுப்பான், பார்ப்பான் என்று ஒரு நம்பிக்கை.

பத்தரை மணிக்கு இறக்குவது ஒருவழியாக முடிந்து முதல் குளிர்பெட்டி மேலே வந்தது. வழக்கமாக நான் ஒன்றைச் சொருகுவதற்குள் அடுத்தது தலைக்கு மேல் நிற்கும், மூச்சுவிட நேரமிருக்காது. இன்றைக்கு ஒன்றைச் சொருகிவிட்டு இரும்பு நடைமேடையில் கைகட்டி நின்றேன். நடைமேடை ஓராள் அகலம். இரண்டு பக்கமும் ஆறு பெட்டி உயரத்துக்குச் சுவர். மேலே ஒரு கீற்று வானம், அந்தக் கீற்றுக்குள் ஒரு பெட்டி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினான். காற்று பார்ப்பவன் போல ஒரு நிமிடம் காத்திருந்தான். மறுபடி இறக்கினான், பிடி சரியாக உட்காராத மாதிரி மறுபடி தூக்கினான். என்ன நடிப்பு! பள்ளிக்கூட நாடகத்தில்கூட அவனுக்கு வேஷம் கொடுத்ததில்லை.

பெட்டியைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தின் நாலு மூலையிலும் கேமரா இருந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று தோன்றியதும் எனக்குப் பைத்தியக்கார யோசனை ஒன்று வந்தது. மேடையின் நுனிக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, முகத்தை அண்ணாந்து காட்டி, இரண்டு கையையும் சுழற்றி, சீக்கிரம், சீக்கிரம் என்று காட்டினேன். வாயையும் அசைத்தேன்.

கிரேன் சட்டென்று நின்றது. சைரன் ஊளையிட்டது. மஞ்சள் விளக்கு சுற்ற ஆரம்பித்தது.

கீழே கரையில் வாக்கிடாக்கியோடு நின்ற மேற்பார்வையாளர் ஏணியில் பாதி ஏறி வந்து கத்தினார். "யாருய்யா அது கைய ஆட்டுறது? ஆள் கைய ஆட்டினா அவர் நிறுத்தித்தானே ஆகணும்? இனிமே செக் பண்ணிட்டுதான் ஓட்ட விடுவாங்க. இருபது நிமிஷம் போச்சு!"

"அந்த ஆபரேட்டருக்கு ஒரு சேதி சொல்லணுங்க."

"என்ன சேதி?"

"கொஞ்சம் வேகமா எடுக்கச் சொல்லணும்."

அவர் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வேணும்னே மெதுவா எடுக்கற மாதிரி இருக்கா? கப்பல்காரங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே ஆளத் தூக்கிட்டு வேற ஆள உட்கார வெச்சிடறேன்."

எனக்கு வேண்டியது அதுதான். வேறு ஆள் உட்கார்ந்தால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். நான் போய் அவள் முன்னால் உட்காரலாம். எதிரே அவள் அண்ணனும் உட்கார்ந்திருப்பான், என்னால் வேலை போனவனாக. வேணும்னே என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால் அது சிவப்போடு நிற்காது.

"அதெல்லாம் இல்லைங்க. சும்மா சொன்னேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பதினொன்றேகாலுக்கு மனைவிக்கு ஃபோன் செய்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"பன்னண்டுக்கு வர முடியாது போல இருக்கு. லேட்டாகும்."

"எவ்வளவு லேட்டு?"

"சொல்லத் தெரியல."

நானே தப்பாகக் கேட்டுத் தொலைத்த கதையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்திருப்பாள், பழைய காலமாக இருந்தால். வாய் வரவில்லை.

"நான் ஹார்பர் கேட்டுக்கு வந்துடறேன். போக வர ஒன்றரை மணி நேரமாவது மிச்சமாகும்ல. அங்க ஒரு பெஞ்சு இருக்கும்ல, அதுல உட்காந்து பேசலாம்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. விட்டுவிட்டுப் போகப் போகிறவள் இப்படி நேரத்தை மிச்சம் பிடிக்க மாட்டாள் என்று ஒரு பக்கம் ஆசையும் வந்தது.

பன்னிரண்டு மணி ஆனது. இடைவேளையில் எல்லாக் கிரேனிலும் ஆள் மாறும். ஒன்றாம் கிரேன் நின்று மறுபடி கிளம்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நிற்கவே இல்லை. அதே பதம், அதே நிதானம், அதே மூன்று நிமிடம். என் ஆறு செய்திகளும் அலமாரிக்குள் கிடந்தன.

ஒரு மணிக்கு சீஃப் ஆபீசர் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். மூன்றாம் கிரேனால் கப்பல் ஒரு மணி நேரம் தாமதம், நாலரைக்குத்தான் கிளம்பும், அதற்காகத் துறைமுகத்துக்குக் கடிதம். "நீ காலையில இருந்து அதுக்குக் கீழதான் நிக்கற. சாட்சியா கையெழுத்துப் போடு."

"காத்துங்க சார். காத்து ஜாஸ்தி. அதான் பொட்டி ஆடுது, பாத்து எடுக்கறாரு."

அவர் திரும்பிக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கொடி, துவைத்துக் காயப்போட்ட துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். "காத்தா?"

"மேல அடிக்குதுங்க சார்."

பதினோரு மாதம் என்னோடு வேலை செய்தவர். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உன் மூஞ்சி சரியில்ல. போய்த் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூறாவது பெட்டிக்குப் பிளக் சொருகியபோது மணி மூன்று இருபத்தைந்து. மீன் பெட்டி. மைனஸ் பதினெட்டு. எழுதினேன். ஏணிகளில் தடதடவென்று இறங்கி அலுவலக அறைக்கு ஓடினேன். கரைச்சீட்டு மேசையில், என் படத்தோடு, முத்திரையோடு தயாராக இருந்தது. சீஃப் ஆபீசர் அதன்மேல் கை வைத்திருந்தார்.

"மூணரைக்குள்ள எல்லாரும் கப்பல்ல இருக்கணும். அஞ்சு நிமிஷத்துல எங்கடா போவே?"

"கேட் வரைக்கும் சார். கேட்லதான் நிக்கறா."

"கேட் நாலு கிலோமீட்டர். உள்ள யாரும் நடக்கக் கூடாது, ஆளில்லாத வண்டி ஓடிட்டிருக்கு. வேன் அரை மணிக்கு ஒண்ணு." அவருக்கும் சங்கடம்தான். "நான் விட்டாலும் உன்னால போக முடியாதுப்பா."

மறுபடி மேலே போனேன். கடைசியாக வந்த சாதாரணப் பெட்டிகளை மச்சான் ஏற்றிக்கொண்டிருந்தான். கீழே லாரிகள் ஓட்டுநர் இல்லாமல் வரிசையாக வந்து, நின்று, திரும்பிப் போயின. கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில் நிற்கிறேன், என் வீட்டுத் தெருவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இங்கிருந்து தெரிகிறது, கால் வைக்க முடியவில்லை. ஜெயிலாக இருந்தாலாவது மனு போடலாம், எதிரே ஓர் அதிகாரி இருப்பான், அவனைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஆளே இல்லை. என்னைக் கட்டிப்போட்டது என் மேல் பாசம் உள்ள ஒருத்தன்.

நாலு மணிக்கு மேல் கிரேன் கையை மேலே தூக்கிக்கொண்டது. நான் பின்பக்கத் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளை அழைத்தேன்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"வர முடியாது. அப்படித்தானே?"

"ஆமா."

பின்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டது. ஒன்றரை மணியிலிருந்து அந்த இரைச்சலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஏணிப்பாலத்தை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். முன்பக்கத்தில் கயிறு அவிழ்ப்பதற்கு யாரோ குரல் கொடுத்தார்கள்.

"இங்க பாரு, நான் சொல்ல வந்தத இப்பவே சொல்லிடறேன்..."

"வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஃபோன்ல வேண்டாம். சொல்லாதீங்க."

வாயை மூடிக்கொண்டேன். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. இழுவைப் படகு முனகிக்கொண்டு கயிற்றை இறுக்கியது, கப்பல் லேசாக அதிர்ந்தது. அப்போது ஃபோனுக்குள் இன்னொரு குரல், தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. மச்சான். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்திருக்கிறான்.

"என்னம்மா, தனியா உட்காந்திருக்கே? எங்க மாப்ள? போயிட்டானா?" அவனுக்கு ஒரே சந்தோஷம், மூச்சு வாங்கியது. "ஒரு மணி நேரம் முழுசா இழுத்தேன் தெரியுமா! சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கல. எந்திரிச்சா அடுத்த ஆளு உட்காந்து சரசரன்னு எடுத்துடுவான்ல? அந்தக் கிறுக்கன் நடுவுல டான்ஸ் வேற ஆடறான், கேமராவப் பாத்து! நன்றி சொல்றானாம். மூணாவது சிவப்பு விழுந்துடுச்சு. போகட்டும் விடு, ஒரு மாசம் வெளிய நின்னு லாரிக்கு வழி காட்டறேன். அது கெடக்குது. நீங்க நல்லா பேசினீங்களா?"

நான் கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டேனா, பிடித்திருந்தேனா என்று நினைவில்லை. கேட்டில் ஒரு லாரி போனது, இன்னொரு லாரி போனது.

"பேசினோம்ணா" என்றாள் என் மனைவி. "இப்பதான் போனாரு. கப்பல் கிளம்புதுல்ல."

"என்ன சொன்னான்?"

"முதல்ல உங்கள சாப்பிடச் சொன்னாரு."

மச்சான் பெரிதாகச் சிரித்தான். வா, வா, பசி உயிர் போகுது என்றான். பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருக்கும் சத்தம், பையை எடுக்கும் சத்தம், பிறகு சரளைக் கல்லில் இரண்டு பேர் நடக்கும் சத்தம். ஃபோனைத் துண்டிக்காமல் கையில் தொங்கவிட்டபடி நடக்கிறாள் என்று நினைக்கிறேன். மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாளா தெரியவில்லை. நான் ஃபோனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். கீழே கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது, பிறகு ஒரு கதவு அகலம், பிறகு ஒரு தெரு அகலம். பழுப்பாகச் சுழித்துக்கொண்டு அது அகன்றுகொண்டே போக, அவள் செருப்புச் சத்தம் மட்டும் என் காதுக்குள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது.